ஊரில் டிராக்டர் லிஃப்ட் நிற்கவில்லை, வாரண்டி கிடையாதாம். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூர் துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன். போன வருடம் மன்னார்குடி பக்கம் அண்ணனுக்குப் புது டிராக்டர் எடுத்தோம். பாதிப் பணம் என் ஓவர்டைம்.

இப்போது பின்னால் மாட்டும் கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் தகராறு. ரோட்டவேட்டரை (மண்ணைக் கிளறும் சுழல் கத்திக் கருவி) தூக்கி வைத்தால், என்ஜின் ஓடும்போது தலையாட்டிப் பொம்மை மாதிரி ஏறி இறங்குகிறது. அணைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் கத்திகள் தரையில் கிடக்கின்றன. மீட்டரில் 430 மணி நேரம்தான். வாரண்டியும் பாக்கி இருக்கிறது.

டீலரோ, "மட்டமான ஆயில் ஊற்றியிருக்கிறீர்கள், சீல் போய்விட்டது, வாரண்டியில் வராது" என்கிறார். ஊற்றியதே அவருடைய ஆள்தான்! ஆனால் அந்த சர்வீஸுக்கு அண்ணன் புத்தகத்தில் முத்திரை கேட்டு வாங்கவில்லை. அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

கடை திறக்கும் 9.30க்கு இங்கே 12 மணி. சாப்பாட்டை வைத்துக்கொண்டு போன் போட்டால், "மெக்கானிக் வெளியே போயிருக்கிறார்" என்று தினமும் அதே பதில்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் சொல்லலாம், 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்பது தெரியும். பில், ஆர்சி இரண்டும் அண்ணன் பெயரில். என்னைப் போல வெளிநாட்டிலிருந்தே ஊரில் உள்ளவருக்காக ஆன்லைனில் புகார் போட்டுத் தந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கம்பெனி ஆளையே வரவழைத்து, பழுது இன்னதென்று ஜாப் கார்டில் (சர்வீஸ் வேலையைக் குறிக்கும் சீட்டு) எழுதி வாங்குவது எப்படி? வெளி மெக்கானிக்கிடம் பிரித்தால் இருக்கிற வாரண்டியும் போய்விடுமோ என்று பயம். சம்பா உழவு வேறு நெருங்குகிறது.