பெரியப்பாவுக்கு அக்கி

குரூப்: மஞ்சக்குப்பம் வீடு

நெல்லிக்குப்பம் அத்தை: அண்ணி போட்டோ பாத்தேன், முதுகுலேந்து விலா வரைக்கும் ஒரே பக்கமா பட்டை கட்டுன மாதிரி கொப்பளம், அக்கிதான் அது, சூடு. இங்க குயவர் வீட்ல அக்கி எழுதுவாங்க, காவியில சிங்கம் வரைஞ்சா அடங்கிடும்

பாண்டி சித்தப்பா: இன்னாது சிங்கமா 😄 டாக்டர்ட்ட காட்டுனீங்களா அண்ணி

பெரியம்மா: நேத்தே காட்டியாச்சு. கொப்பளம் வந்த 3 நாளுக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சாதான் நல்லதுன்னாங்க. இவரு எங்கயும் போகலயே, யார்ட்டேந்து ஒட்டுச்சுன்னு தெரியல

கவிதா: யார்ட்டேந்தும் ஒட்டல பெரியம்மா, அவருக்கு உள்ளயேதான் இருந்துச்சு. சின்ன வயசுல சின்னம்மை வார்த்துச்சுன்னு சொல்வாரே, அந்த வைரஸ் போகவே போகாது, முதுகெலும்பு பக்கத்துல நரம்பு முடிச்சுல படுத்துக்கும், டி செல்னு ரத்தத்துல நோயை எதிர்க்கிற செல்லுங்கதான் இத்தனை வருஷமா காவல் நின்னு எழ விடாம வச்சிருந்துச்சு, இப்ப இவருக்கு 71, காவலுக்கும் வயசாயிடுச்சு

பெரியப்பா: எனக்கு சுகர் கூட கெடையாது. காய்ச்சலும் இல்ல

கவிதா: காய்ச்சல வச்சு சொல்ல முடியாது பெரியப்பா, வயசானவங்களுக்கு பெரிய தொற்றா இருந்தாலும் சில சமயம் சூடு ஏறாது. நெஞ்செலும்புக்கு பின்னாடி தைமஸ்னு ஒண்ணு இருக்கு, புது டி செல் அங்கதான் தேறி வெளிய வரும், அது சின்ன வயசுலேந்தே சுருங்கி கொழுப்பாயிட்டே போகும். உங்க வயசுல புது ஆள் ரொம்ப கம்மி, பழைய ஆளுங்களே டபுள் டியூட்டி

கவிதா: அந்த பழைய ஆளும் சண்டைன்னா மளமளன்னு பெருகணும், அதுக்கு சர்க்கரைய எரிக்கணும், செல்லுக்குள்ள சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியா முழுசா ஓடணும், வயசான செல்லுல அது மக்கர் பண்ணுது. நம்ம போர் மோட்டார் லோ வோல்டேஜ்ல தண்ணி ஏத்தாம உம்முன்னு கத்தி காயில் சூடாகும்ல அந்த கததான், வேலை நடக்காது, ஆனா அழற்சி கெமிக்கல் மட்டும் கசிஞ்சிட்டே இருக்கும். 2000லயே இத்தாலிக்காரர் ஃப்ரான்செஸ்கி இதுக்கு இன்ஃப்ளமேஜிங்னு பேர் வச்சுட்டார். 2020ல ஸ்பெயின்ல எலிக்கு டி செல்லோட மைட்டோகாண்ட்ரியாவ மட்டும் கெடுத்து பாத்தாங்க, இளசு எலியெல்லாம் உடம்பு பூரா கெழடு தட்டிப்போச்சு

பாண்டி சித்தப்பா: அப்ப அண்ணனுக்கு காயில் கட்டணும்

நெல்லிக்குப்பம் அத்தை: நாளைக்கு பேரனை தூக்கிட்டு பாக்க வரலாம்னு இருந்தேன்

கவிதா: ஐயோ வேணாம் அத்தை, கொப்பளத் தண்ணி பட்டா குழந்தைக்கு அக்கி வராது, அம்மையே வந்துடும். எல்லாம் பொருக்கு தட்டட்டும்

நெல்லிக்குப்பம் அத்தை: சரிம்மா. காவி?

கவிதா: கொப்பளம் உடைஞ்ச எடத்துல மண்ணு படவே கூடாது அத்தை 🙏

பெரியம்மா: எனக்கு 66 ஆவுது, எனக்கும் வருமாடி

கவிதா: வரலாம். ஊசி இருக்கு, 50க்கு மேல போடலாம், 2 டோஸ், நடுவுல 2லேந்து 6 மாசம். வயசானவங்களுக்கு ஊசி சரியா புடிக்காதுல்ல, அதான் செல்லை உசுப்பி விடுற மருந்தும் சேத்தே வச்சிருக்காங்க. விலைதான் ஜாஸ்தி, டாக்டர்ட்ட கேளுங்க

பாண்டி சித்தப்பா: செலவில்லாம மோட்டார ஓட்ட வழி இல்லயா

கவிதா: இருக்கு சித்தப்பா. இங்கிலாந்துல 55லேந்து 79 வயசு வரை விடாம சைக்கிள் மிதிக்கிற 125 பேரை சோதிச்சு 2018ல எழுதுனாங்க, அவங்களுக்கு புது டி செல் வாலிபப் பசங்க அளவுக்கு வருதாம்

பெரியப்பா: நான் தேவனாம்பட்டினம் வரைக்கும் டெய்லி மிதிச்சவன்டா. ஏய் என் சைக்கிள் எங்க

பெரியம்மா: போகிக்கு ஒழிச்சப்பவே பழைய இரும்புக்காரன்ட்ட போட்டாச்சு. மதியம் மாத்திரைய போட்டீங்களா இல்லயா