‘ட்விங்க்ளிங் வாட்டர்மெலன்’ காது கேளாமையைச் சோகமாகக் காட்டுகிறதா? (முடிவைப் பற்றியும் பேசியிருக்கிறோம், பார்க்காதவர்கள் கவனம்)

தர்பூசணிப்பிரியை:
நேற்று ராத்திரிதான் 16 எபிசோடையும் முடித்தேன். 2023-இல் டிவிஎன் என்ற கொரியச் சேனலில் வந்த தொடர், நான்தான் லேட். கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேருக்கும் காது கேட்காது, வீட்டில் உன்க்யோல் ஒருவனுக்கு மட்டும்தான் கேட்கும். பகலில் நல்ல மார்க் வாங்கும் பையன், ராத்திரியில் வீட்டுக்குத் தெரியாமல் பேண்டில் கிடார் வாசிக்கிறான். ஒரு மாயக் கடை வழியாக 1995-க்குப் போய் விழுகிறான். அங்கே அவன் வயதிலேயே அவனுடைய அப்பா யி-சான், காது நன்றாகக் கேட்கிற, வாய் ஓயாத பையனாக, செல்லோ வாசிக்கும் ஒரு பெண்ணைக் கவர பேண்ட் ஆரம்பிக்க அலைந்துகொண்டிருக்கிறார். போன வாரம் இதே குழுவில் ஒருவர் இதை “ஊனத்தைக் காட்டி அழவைக்கும் தொடர்” என்று எழுதியிருந்தார். எனக்கு அது கொஞ்சமும் ஒப்பவில்லை. சொந்த அப்பாவை ஒரு மனிதராக, கனவு கண்ட பையனாக முதல்முறை பார்க்கிற மகனின் கதை இது.

கடலோரன்:
அதை எழுதியது நான்தான், இப்போதும் அதே கருத்துதான். 1995-இல் உன்க்யோலின் ஓட்டம் எதற்காக? அப்பாவுக்கு நடக்கப்போகும் விபத்தைத் தடுக்க, அவருடைய காதைக் காப்பாற்ற. அப்படியென்றால் காது போனதுதான் அந்தக் குடும்பத்தின் பெரிய துயரம் என்று கதையே சொல்லிவிட்டது. அடுத்தது நடிகர்கள். அம்மா சோங்-ஆவாக வரும் ஷின் உன்-சூ, அப்பாவாக வரும் சோய் ஹியுன்-வூக், இருவருமே காது கேட்பவர்கள். காது கேளாத நடிகர்கள் கிடைக்கவில்லை என்று யாரும் வர வேண்டாம், அதே டிவிஎன் 2022-இல் ‘அவர் ப்ளூஸ்’ எடுத்தபோது காது கேளாத பெண் பாத்திரத்துக்கு காது கேளாத நடிகை லீ சோ-பியோலைத்தான் போட்டார்கள். அமெரிக்காவில் ‘கோடா’ படத்தில் நடித்த காது கேளாத நடிகர் ட்ராய் காட்சர் 2022-இல் ஆஸ்கரே வாங்கிவிட்டார். அடுத்த வருஷமே பழைய வழிக்குத் திரும்பியதற்கு என்ன சமாதானம்?

மூன்றாம்பெஞ்ச்:
கடலோரன் அண்ணா, யி-சான் கதையின் பெரும்பகுதியில் காது கேட்கிற பையன். பாட வேண்டும், கத்த வேண்டும், விபத்துக்கு முன்பும் பின்பும் ஒரே ஆள்தான் நடிக்க வேண்டும். அந்த வேஷத்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தாது. சோங்-ஆ விஷயத்தில் வேண்டுமானால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் “காதைக் காப்பாற்றும் கதை” என்பதை ஏற்கவே முடியாது. அது உன்க்யோலின் ஆசை, கதையின் தீர்ப்பு இல்லை. விபத்து நடக்கிறது, யி-சானுக்குக் காது போகிறது, பையன் தோற்றுப்போகிறான். அதற்குப் பிறகுதான் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கண்டுகொள்கிறார்கள்.

1995-இல் இளம்பெண்ணாக வரும் சோங்-ஆவின் நிலைமையையும் பாருங்கள். பணக்கார வீடு, ஆனால் அவளுக்கு ஒரு மொழி கிடையாது. காது கேட்கவில்லை என்பதைவிட, யாரும் அவளுக்குச் சைகை மொழி கற்றுத்தரவில்லை என்பதுதான் அங்கே கொடுமை. பிற்காலத்தில் தனக்கு மகனாகப் பிறக்கப்போகிறவனிடமே அவள் கற்றுக்கொள்கிறாள். இது கற்பனைச் சோகம் இல்லை. 1880-இல் மிலான் நகரில் நடந்த ஆசிரியர் மாநாட்டில் சைகை வேண்டாம், வாயசைவைப் பார்த்துப் பேச வைப்பதே முறை என்று முடிவெடுத்தார்கள், உலகம் முழுக்க எத்தனையோ பள்ளிகள் நூறு வருஷம் அந்த வழியில் போயின. கொரியாவில் சைகை மொழிக்கென்று தனிச் சட்டம் வந்ததே 2016-இல்தான்.

தர்பூசணிப்பிரியை:
இதைத்தான் சொல்ல வந்தேன், எனக்கு இவ்வளவு அழகாக வரவில்லை. அவள் கை முதல்முறை ஒரு வார்த்தை சொல்லும்போது முகம் மாறுகிறதே, அந்தக் காட்சியை நான்கு தடவை பார்த்தேன்.

கடலோரன்:
மிலான் கதை எனக்கும் தெரியும், தம்பி. அப்படியென்றால் இன்னும் பலமாகக் கேட்பேன். மொழியைப் பறித்தது தப்பு என்று சொல்லும் தொடர், அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கு முக்கிய வேஷம் தராதது எந்த நியாயம்? இன்னொன்று, காது கேளாதவர் வீட்டில் இசைக்கலைஞன் என்பதே கண்ணீருக்காகச் செய்த ஏற்பாடு. அப்பாவுக்குக் கேட்காத பாட்டு, அதுதானே மொத்த உருக்கமும்.

மூன்றாம்பெஞ்ச்:
காது கேளாதவர்களுக்கும் இசைக்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பதால்தான் அப்படித் தோன்றுகிறது. 2024 ஏப்ரல் 20, கொரியாவில் மாற்றுத்திறனாளிகள் தினம், அன்றைக்கு ‘பிக் ஓஷன்’ என்ற கே-பாப் குழு அறிமுகமானது. மூன்று பேர், மூவருக்குமே செவித்திறன் குறைபாடு. அதிர்கிற கைக்கடிகாரம், ஒளியால் தாளம் காட்டும் மெட்ரோனோம், இவற்றை வைத்துக்கொண்டுதான் பயிற்சி செய்கிறார்கள். பாட்டுக்குள்ளேயே சைகை மொழி வருகிறது.

பூவரசு:
இரண்டு நாளாக இந்தத் திரியை வாசித்துக்கொண்டிருக்கிறேன். என் அம்மாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. எங்கள் வீட்டில் அம்மாவைக் கூப்பிடுவதென்றால் தரையில் காலால் தட்டுவோம், இல்லையென்றால் லைட் சுவிட்சை இரண்டு தடவை அணைத்துப் போடுவோம். எனக்கு ஒன்பது வயதில் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அம்மா முகத்தைப் பார்க்கவே இல்லை, என்னிடமே பேசினார், “கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்னு அம்மாகிட்ட சொல்லு” என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. வயிற்றைக் காட்டி, வெளியே எடுப்பார்கள் என்று கையைக் காட்டினேன். அம்மா முகம் வெளுத்துப்போய், “சாகப்போகிறேனா” என்று கேட்டாள். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

அதனால் கடலோரன் சார், பெற்றோருக்குக் காதாகவும் வாயாகவும் இருந்தே வளர்ந்த ஒரு பிள்ளை “அப்பாவுக்குக் காது கேட்டிருந்தால்” என்று ஆசைப்படுவதைத் தப்பென்று சொல்லாதீர்கள். நானும் ஆசைப்பட்டிருக்கிறேன். அப்படி ஆசைப்பட்டதற்காக அழுதும் இருக்கிறேன். ஆனால் நடிகர்கள் விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான். சைகையில் புருவமும் உதடும் இலக்கணம், கேள்வி கேட்பதே புருவத்தில்தான். கற்றுக்கொண்டு வந்து செய்கிறவர்களின் கை சரியாக இருக்கும், முகம் ஒரு நொடி பின்னால் வரும்.

எனக்கு வேறொரு கோபம் உண்டு, அதை இங்கே யாரும் சொல்லவில்லை. முடிவில் உன்க்யோல் திரும்பி வரும்போது அவன் குடும்பம் பெரிய வீட்டில் வசதியாக இருக்கிறது. காதைத் திருப்பித் தரவில்லை, சரி, அது நல்ல முடிவு. அப்புறம் எதற்கு அந்தப் பணம்? முதல் எபிசோடில் பார்த்த அந்தச் சாதாரண வீட்டில் மூன்று பேரும் கையால் பேசிச் சிரித்துக்கொண்டு நன்றாகத்தானே இருந்தார்கள். அந்த வீட்டுக்கே அவன் திரும்பியிருந்தால் நான் இந்தத் தொடரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பேன்.

கடலோரன்:
பூவரசு அம்மா, பையனின் ஆசையைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அது எனக்குத் தெரியாத இடம். நடிகர்கள் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. பணக்கார முடிவு எனக்கும் உறுத்தியது, ஏனென்று இப்போதுதான் புரிகிறது.

தர்பூசணிப்பிரியை:
நான் அந்த முடிவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், அவர்கள் கஷ்டப்பட்டது போதும் என்று தோன்றியது. இப்போது யோசனையாக இருக்கிறது, ஆனாலும் முழுசாக மனசு மாறவில்லை. அக்கா, உங்கள் அம்மா இதைப் பார்த்தார்களா?

பூவரசு:
நான் முதலில் தனியாகப் பார்த்துவிட்டேன், இப்போது அம்மாவோடு இரண்டாம் தடவை. அம்மாவுக்கு ஆங்கில சப்டைட்டில் வேகமாக வாசிக்க வராது, அதனால் பக்கத்தில் உட்கார்ந்து நான் சைகையில் சொல்லிக்கொண்டே வருகிறேன். உன்க்யோல் சோங்-ஆவுக்குச் சைகை கற்றுக்கொடுக்கும் இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். கொரியச் சைகை வேறு, நம்முடையது வேறு, ஆனாலும் நான் சொல்ல வேண்டாமாம். ரிமோட்டை வாங்கி நிறுத்தி நிறுத்தி அவர்கள் கையைப் பார்த்து, தானும் செய்து பார்த்தாள். இன்னும் நான்கு எபிசோடு பாக்கி இருக்கிறது. விபத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.