வார இறுதியே இல்லாத வேலையும் நட்பு வட்டமும்: ரொறன்ரோ நண்பர்களிடம் ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். ஸ்காபரோவில் பதிவு பெற்ற மசாஜ் சிகிச்சையாளராகப் பணிபுரியும் தன்பாலீர்ப்பாளன் நான். பெரும்பாலானோர் அலுவலகம் முடிந்த பின்னரே சிகிச்சைக்கு வருவதால், மாலைகளும் சனி, ஞாயிறும் வேலையிலேயே கழிகின்றன. பலருடைய காப்புறுதிச் சலுகை ஆண்டிறுதியோடு காலாவதியாகிவிடுவதால், நவம்பர், டிசம்பரில் மூச்சுவிடவும் நேரமிருப்பதில்லை. தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ரொறன்ரோவின் சேர்ச் வீதி களைகட்டும் வேளையில் நான் எண்ணெய் படிந்த துவாய்களைத் துவைக்கப் போட்டுக்கொண்டிருப்பேன். பெருவிரல் மூட்டோ கோப்பையைப் பிடிக்கவும் மறுக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2018 முதல் நடைமுறையிலுள்ள ஒன்ராறியோ சட்டப்படி, சிகிச்சை முடிந்து குறைந்தது ஓராண்டு வரை ஒருவர் எனக்கு நோயாளியாகவே கருதப்படுவார். அவருடன் பாலுறவு கொண்டால் பதிவே பறிபோகும். நியாயமான விதிதான். ஆயினும், நம் வட்டம் சிறியது என்பதால், புதிதாய் அறிமுகமாகும் ஒருவர் "தோளைக் கொஞ்சம் பார்த்துவிடுங்கள்" என்று கேட்கும்போது என்ன சொல்வதென்று தடுமாறுகிறேன். (தொழிலைச் சொன்னதும் கண்ணடிப்பவர்கள் தனி ரகம்.)

ஆகவே, திங்கள் அல்லது செவ்வாய் பகலில் கூடும், மது முதன்மையாக இல்லாத, முடிந்தால் தமிழ் பேசுவோரும் வரும் குழுக்கள், அவை நடையோ சமையலோ வாசிப்போ எதுவாயினும், தெரிந்தால் அறியத் தாருங்கள். இதே துறையில் இருப்பவர்கள், இப்படிக் கேட்பவர்களை மனம் நோகாமல் வேறு சிகிச்சையாளரிடம் எவ்வாறு அனுப்புகிறீர்கள் என்பதையும் எழுதினால் பேருதவியாக இருக்கும். வெளிப்படையாக எழுதத் தயங்குபவர்கள் தனிச்செய்தி அனுப்பலாம்.