அப்பாவுக்குப் பலா மரத்தில் பேனா: மைப் பேனாவா, ரீஃபில் பேனாவா?

புளியரைப் பையன் (கேள்வி)

வணக்கம். அப்பா செங்கோட்டையில் பத்திர எழுத்தர். எல்லாம் கணினிக்குப் போய் வருஷக்கணக்காகியும் வரைவை முதலில் மைப் பேனாவில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் தட்டச்சுக்குக் கொடுப்பார். 1956க்கு முன்னால் இந்த ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலத்துப் பழைய பத்திரங்களைப் படித்துச் சொல்லவும் அவரிடம்தான் ஆட்கள் வருவார்கள். தையோடு தொழிலை விட்டுவிடப் போகிறேன் என்கிறார். அதற்குள் என் கையால் ஒரு மரப் பேனா செய்து கொடுக்க ஆசை.

மரம் இருக்கிறது. ஆரியங்காவில் ஆச்சி வீட்டைப் பிரித்தபோது வாசல் நிலையில் ஒரு துண்டை எடுத்து வைத்திருந்தோம், நல்ல பலா. நண்பனின் பட்டறையில் சின்ன மர லேத் ஒன்று உண்டு, அதில் பூரிக்கட்டையும் மத்தும் கடைந்திருக்கிறேன், அதற்கு மேல் அனுபவம் இல்லை. இணையத்தில் பேனா கிட் என்று, மர உடம்பு தவிர மற்ற பாகமெல்லாம் சேர்த்து விற்கிறார்களே, அதை வாங்கிச் செய்தால் போதுமா? மைப் பேனாவாகவே செய்ய முடியுமா? மரத்துக்குள் நேராக மை ஊற்றலாமா? மேலே என்ன பூசுவது?

உளியும் உப்புத்தாளும் (தக்கலை)

தம்பி, பழைய நிலைக்கட்டை என்பது பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. பேனா வேலையில் பெரிய எதிரி ஈரம். உள்ளே பித்தளைக் குழாய் ஒட்டியிருக்கும், அது சுருங்காது, மேலே இருக்கும் மரம் காய்ந்து சுருங்கினால் எங்கே போகும்? நீளவாக்கில் வெடிக்கும். ஆச்சி வீட்டு நிலை பல வருஷம் காய்ந்த மரம், அந்தப் பயம் குறைவு. ஆனால் தரையோடு ஒட்டி நின்ற அடிப்பாகத்தை எடுக்காதீர்கள், கரையானும் உளுப்பும் அங்கேதான் இருக்கும். நடுவில் வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து எடுங்கள். அறுப்பதற்கு முன்னால் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள், பழைய வீட்டு நிலையில் ஆணி முறிந்து உள்ளேயே கிடக்கும், உளி முனை போய்விடும்.

முக்கால் அங்குலச் சதுரம், ஐந்து அங்குல நீளம், பெரும்பாலான கிட்டுக்கு இது போதும். துளைதான் இந்த வேலையின் உயிர். ஒல்லியான சாதா கிட்டுக்கு 7 மி.மீ. பிட், தடித்த பேனாவுக்கு 10 மி.மீ., மைப் பேனாவுக்குக் கிட்டோடு வரும் தாளில் போட்டிருக்கும் அளவு. ஒரே மூச்சில் இறக்காமல் கொஞ்சம் இறக்கி, பிட்டை வெளியே எடுத்துத் தூளைத் தட்டி, மறுபடி இறக்குங்கள். தூள் அடைத்துக்கொண்டால் சூடேறி மரம் உள்ளுக்குள் விரிசல் விடும். பிட் மறுபக்கம் வெளியே வரும் இடத்தில் பலா சில்லு பெயரும், அதனால் கட்டையைக் கொஞ்சம் நீளமாக வைத்துக்கொண்டு, முழுக்கத் துளைக்காமல் நிறுத்தி, மிச்சத்தை ரம்பத்தால் அறுத்துத் தள்ளுவது நல்லது.

குழாயின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் கீறிவிட்டு அரால்டைட் பசை போட்டுச் செருகுங்கள். சூப்பர் க்ளூ போட்டால் குழாய் பாதி போவதற்குள் பிடித்துக்கொள்ளும், அப்புறம் சுத்தியல் எடுத்தாலும் நகராது. முழுதாய் இறுகின பிறகு இரண்டு முனையும் குழாய்க்குச் செங்குத்தாக வரும்படி சீவுங்கள். இதைப் பலர் லேசாக விட்டுவிடுகிறார்கள், பேனா பூட்டும்போது இடுக்கு தெரிவது இதனால்தான். கடையும்போது, கட்டையைக் கோத்து லேத்தில் மாட்டும் கம்பியின் திருகை ரொம்ப இறுக்காதீர்கள், கம்பி வளைந்தால் பேனா முட்டை வடிவில் வந்து நிற்கும்.

திருத்தணி மைக்கறை

மரத்துக்குள் நேராக மை ஊற்றும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். மரம் மையைக் குடிக்கும், உப்பும், கசியும், அப்பாவின் வெள்ளைச் சட்டைப் பையில் நீலக் குளம் கட்டும். கிட் மைப் பேனாவில் முள்ளுக்கு அடியில் மை இறங்கும் நாக்கும் விரல் பிடிக்கும் பகுதியும் பிளாஸ்டிக் அல்லது உலோகம், மை தனியாகக் கன்வெர்ட்டரில், அதாவது மையை உறிஞ்சி வைக்கும் சின்னக் குழாயில் நிற்கும், மரம் வெளிச்சட்டை மட்டும்தான். மூடிக்குள்ளும் குழாயோ உறையோ இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தில் நுண்துளை உண்டு, வெறும் மர மூடி காற்றை விடும், இரண்டு நாள் எழுதாமல் வைத்தால் முள் காய்ந்துவிடும்.

எங்கள் பக்கம் திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் இன்னமும் கையால்தான் கடைகிறார்கள், ஆனால் பெரும்பாலும் எபோனைட்டில். ஆந்திராவில் ராஜமகேந்திரவரத்து ரத்னம் பேனாவும் எபோனைட்தான், 1935இல் காந்தி பாராட்டிக் கடிதம் எழுதினாரே, அதே ரத்னம். ரப்பரில் கந்தகம் சேர்த்து வேகவைத்து இறுக்கின சரக்கு அது, மை அதை ஒன்றும் செய்யாது, அதற்குள் நேராகவே மை ஊற்றி எழுதலாம். மரத்தால் அது முடியாது.

கிட்டோடு வரும் முள்ளைப் பெரிதாக நம்பவும் வேண்டாம். சில கிட்டில் 6ஆம் எண் அளவு முள் வரும், அந்த மாதிரி கிட்டாகப் பார்த்து எடுத்தால் பின்னால் ஜெர்மன் முள் ஒன்று வாங்கி மாற்றலாம். உடம்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் முள் கீறினால் அப்பா மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார், ஆயுசுக்கும் மைப் பேனா பிடித்தவரை ஏமாற்ற முடியாது.

இன்னொன்று. மரம் போதவில்லை என்று யாரிடமாவது செம்மரத் துண்டு கேட்டுவிடாதீர்கள். எங்கள் எல்லையில் அது விளையாட்டு இல்லை, பேனாவுக்குத்தான் என்று சொன்னாலும் ரசீது கேட்பார்கள். ஈட்டி மரத்துக்கும் தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டமே போட்டிருந்தார்கள். பலாவே போதும், வீணையும் மிருதங்கமும் செய்கிற மரம்.

மார்த்தாண்டம் அக்கா

எல்லோரும் மரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், அப்பாவின் கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அம்மாவுக்கு நான் செய்தது அயினி மரத்தில், ரீஃபில் பேனா. அம்மாவுக்கு விரல் மூட்டு வலி, ஒல்லிப் பேனாவை இறுக்கிப் பிடித்தால் வலிக்கும், அதனால் தடித்த 10 மி.மீ. கிட் எடுத்து, பிடிக்கும் இடத்தை மட்டும் கொஞ்சம் பருமனாக விட்டேன். தபால் ஆபீஸ் சீட்டு, கோயில் கணக்கு எல்லாம் அதில்தான் எழுதுகிறார்கள்.

நீ அப்பா இப்போது எழுதும் பேனாவை வாங்கி, விரல் படும் இடத்தின் தடிமனை வெர்னியரில் அளந்து வை. சமையலறைத் தராசில் எடையும் பார். கிட்டில் உலோகம் அதிகம், பல மரப் பேனாக்கள் கையில் எடுத்தால் கனமாக இருக்கும், மூடியைப் பின்னால் செருகினால் பின்பக்கம் சாய்ந்து இன்னும் தொல்லை. மைப் பேனாக்காரருக்கு ரீஃபில் பேனா கொடுக்காதே, அது அழுத்தி எழுத வேண்டியது, பழக்கம் வராது. ஆனாலும் முதலில் ஒரு ரீஃபில் கிட்டை வேறு ஏதாவது மரத்தில் செய்து கை பழக்கிக்கொள். அதற்கு பார்க்கர் வகை ரீஃபில் போடும் கிட்டாக எடு, அந்த ரீஃபில் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஒல்லிக் கிட்டுக்கு வேறு வகை, நம்ம பக்கம் தேடி அலைய வேண்டும்.

அம்பை கடைசல்

மேல்பூச்சுக்கு நான் சொல்கிறேன். எங்கள் அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான், பிள்ளைகள் விளையாடும் மரச் சாமான், பார்த்திருப்பீர்கள். சுற்றுகிற மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டிலேயே அரக்கு உருகிப் படியும், பிறகு தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு வரும். பேனாவுக்கும் இது அழகாக இருக்கும். ஆனால் ஒரு குறை உண்டு, அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். சானிட்டைசர் போட்ட கையோடு பேனாவைப் பிடித்தால் பிசுபிசுக்கும், வெளுக்கும். அப்பா அந்தப் பழக்கம் உள்ளவர் என்றால் சூப்பர் க்ளூவையே மெல்லிசாகப் பல பூச்சு பூசி உப்புத்தாளில் இழைப்பார்கள், அது தாங்கும். பிடித்தால் கொஞ்சம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், எனக்குப் பிடிக்காது. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை கண்ணைக் கரிக்கும்.

உப்புத்தாள் 150இல் ஆரம்பித்து 600 வரை, ஒவ்வொரு எண் முடிந்ததும் லேத்தை நிறுத்தி நீளவாக்கில் கையால் ஒரு இழுப்பு. இல்லாவிட்டால் சுற்றின கோடு தெரியும். மூக்குக்கு முகக்கவசம் கட்டாயம். பழைய பலாவை வெட்டும்போது உள்ளே மஞ்சளாகத் தெரியும், பயப்படாதீர்கள், வெளிச்சம் பட்டுப் பட்டு மறுபடி பழுப்பாகும்.

முடியவில்லை என்றால் இந்தப் பக்கம் கொண்டு வாருங்கள், கடைந்து தர ஆள் இருக்கிறார்கள்.

உளியும் உப்புத்தாளும்

அம்பை அண்ணாச்சி, கடைசி வரியை மட்டும் வாபஸ் வாங்குங்கள்! மத்து கடைந்த கைக்குப் பேனா வரும். ஆள் வைத்துக் கடைவது என்றால் கடையிலேயே வாங்கிவிடலாமே.

அம்பை கடைசல்

கடைசல்காரன் கையும் கைதானே அண்ணாச்சி. சரி, துளையையாவது ட்ரில் பிரஸ் (நேராக இறங்கித் துளைக்கும் மெஷின்) இருக்கிற இடத்தில் போட்டுக்கொள்ளட்டும். சின்ன லேத்தில் நேர்த்துளை போடுவது அவர் நினைப்பது போல் எளிது இல்லை.

புளியரைப் பையன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று அப்பா தூங்கின நேரத்தில் பேனாவை எடுத்து அளந்தேன், பிடிக்கும் இடம் 11 மி.மீ., நான் நினைத்ததைவிட ஒல்லி. 6ஆம் எண் முள் வைத்த கிட்டெல்லாம் பார்க்கிறதற்கே தடியாக இருக்கிறது. அக்கா, அவருக்கு மூட்டு வலி எல்லாம் இல்லை, தடி கூடினால் பழக்கம் கெடுமா?

துளைக்குத் தென்காசியில் ட்ரில் பிரஸ் வைத்திருக்கும் ஒருவரிடம் பேசியாயிற்று. ரீஃபில் கிட் இரண்டு ஆர்டர் போட்டிருக்கிறேன், அதை வேப்பங்கட்டையில் பழகப் போகிறேன்.

மார்த்தாண்டம் அக்கா

ஒரு மி.மீ. கூடினால் ஒன்றும் ஆகாது, இரண்டுக்கு மேல் வேண்டாம். பிடிக்கும் பகுதி உலோகம் என்றால் வேர்வையில் வழுக்கும், கருப்புப் பிளாஸ்டிக் பிடி உள்ள கிட் பார். வேம்பில் செய்யும் முதல் பேனாவை அப்பா கண்ணில் படாமல் வை, பார்த்தால் அதையே எடுத்துக்கொள்வார்.

திருத்தணி மைக்கறை

5ஆம் எண் முள் வைத்த கிட்டும் வருகிறது, உடம்பு ஒல்லியாகத்தான் இருக்கும். அதற்கும் மாற்று முள் கிடைக்கும். வாங்குவதற்கு முன்னால் கன்வெர்ட்டர் கூட வருகிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள், சில கிட்டில் மை அடைத்து வரும் கார்ட்ரிட்ஜ் ஒன்றை மட்டும் போட்டு அனுப்பிவிடுகிறார்கள், புட்டியில் மை நிரப்புகிறவருக்கு அது உதவாது.