லண்டன் மாப்பிள்ளை: எழுத்து இங்கேயோ, அங்கேயோ?

நீர்வேலியான்:
இங்கே இருக்கிற என்ர தங்கச்சியும், லண்டனில் வேலை செய்யிற ஒரு ஆங்கிலேயரும் விரும்பினம். அவர் பிரிட்டிஷ் பிரசை. முதன்முறையா எங்கட அம்மா அப்பாவைப் பார்க்க யாழ்ப்பாணம் வாறார். இங்கே எழுத்து (விவாகப் பதிவு) வைச்சு ஸ்பவுஸ் (கட்டின துணைக்கான) வீசாவுக்குப் போடுறதோ, பியான்சே (கட்டப்போறவைக்கான) வீசாவில போய் அங்கே கட்டுறதோ நல்லது? வீட்டில அவர் எப்பிடி நடக்கவேணும்?

பனங்கூடல்:
தம்பி, எழுத்தை இங்கேயே வையுங்கோ. பியான்சே வீசா 6 மாதம்தான், அதில வேலை செய்யேலாது. கட்டின பிறகு திரும்பவும் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கவேணும். ஸ்பவுஸ் வீசா 33 மாதம், போனவுடன வேலைக்குப் போகலாம். தாலி கட்டின படம் மட்டும் காணாது, பதிவுச் சான்றிதழ் வேணும். பிரதேச செயலகத்தில மேலதிக மாவட்டப் பதிவாளரிட்ட வெளிநாட்டவருக்கு என்னென்ன பத்திரம் தேவை எண்டு இப்பவே கேளுங்கோ. மணமாகாதவர் எண்ட சான்றுக்கு அவர் தன்ர ஊர்ப் பதிவகத்தில அறிவித்தல் குடுக்கவேணும். அது 28 நாள் ஒட்டியிருக்கும். ரிக்கெட் போட முதல் அதைத் தொடங்கச் சொல்லுங்கோ.

ஆக்கள் கூடச் சிக்குப்படுறது பெயரில. எங்கட பிறப்புச் சான்றிதழில பிள்ளையின்ர பெயரும் தகப்பன்ர பெயரும் தனித்தனியா இருக்கும். பாஸ்போட்டில அது வேற ஒழுங்கில வரும். மொழிபெயர்ப்பாளர் தன்ர பாட்டுக்கு ஒரு எழுத்துக்கூட்டலைப் போட்டால் ஒரே ஆள் ரெண்டு ஆளாகத் தெரிவார். பாஸ்போட் பிரதியைக் குடுத்து, அதே எழுத்துக்கூட்டலில செய்விக்கவேணும். விவாகப் பதிவில கையெழுத்து வைக்க முதல் ஒவ்வொரு எழுத்தாப் பாருங்கோ. பிறகு திருத்துறது அலைச்சல்.

கரவெட்டி அக்கா:
காசு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. அவருக்கு வருசம் 29,000 பவுண் சம்பளம் வேணும் (2024 ஏப்ரலில இருந்து). 6 மாதச் சம்பளத் துண்டும் வங்கிக் கூற்றும் ஒண்டோட ஒண்டு பொருந்தவேணும். அதுகளில இருக்கிற கடைசித் திகதி, விண்ணப்ப நாளுக்கு முந்தின 28 நாளுக்குள்ள இருக்கவேணும். தங்கச்சியின்ர இஞ்சத்தைச் சம்பளம் கணக்கில வராது. சீதனக் காணி உறுதியும் நகையும் அப்பிடித்தான்.

தங்கச்சியின்ர ஆங்கிலத்துக்கு ஏ1 (ஆரம்ப நிலை) பேசுறது, கேட்கிறது சோதனை போதும், ஆனால் பிரிட்டிஷ் வீசாவுக்கு ஏற்கிற சோதனையா இருக்கவேணும். சாதாரண ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலச் சோதனை எழுதிக் காசை வீணாக்காதேங்கோ. காசநோய்ச் சோதனை கொழும்பு ஐஓஎம்மில (புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பு). சான்றிதழ் 6 மாதத்துக்குத்தான், அதால மற்றதெல்லாம் ஆயத்தமான பிறகு போங்கோ. ரெண்டு பேரும் பழகினதுக்குச் சாட்சியா வாட்ஸ்அப்பை முழுக்க அச்சடிக்கவேண்டாம். மாதத்துக்கு ரெண்டு மூண்டு பக்கம், சந்திச்ச படங்கள், பயண ரிக்கெட். தமிழில இருக்கிறதை மொழிபெயர்க்கவேணும்.

வல்வையூரான்:
வீட்டு விஷயம் நான் சொல்லுறன். வெறுங்கையோட வரவேண்டாம், பழமோ பிஸ்கட்டோ காணும். செருப்பு வாசலில. அம்மாவைக் கட்டிப்பிடிக்காமல் கைகூப்பினால் அழகு. பெயர் சொல்லிக் கூப்பிடாமல் அன்ரி, அங்கிள். உறைப்பு ஏலாதெண்டால் சொதியும் முட்டைப் பொரியலும் வைக்கச் சொல்லி முதலே அம்மாட்டச் சொல்லுங்கோ. கேட்டுக் கேட்டுப் போடுவினம், போதுமெண்டால் கோப்பைக்கு மேல கையைப் பிடிக்கவேணும், போட்டதை மிச்சம் விடக்கூடாது. நல்லூருக்குப் போனால் ஆம்பிளையள் சட்டையைக் கழட்டித்தான் உள்ள போகலாம். வீதியில கைகோர்த்து நடக்கிறதைத் தவிர்க்கட்டும்.

எங்கட ஆக்களுக்கும் சொல்லவேணும். சம்பளம் எவ்வளவு, சொந்த வீடோ எண்டு முதல் நாளே கேட்கிறது எங்களுக்கு அக்கறை, அவருக்குச் சங்கடம். அப்பா அறியவேண்டியதை நீங்கள் முதலே அறிஞ்சு சொல்லிவிடுங்கோ. வீசாவுக்கு அந்தக் கணக்கு எப்பிடியும் உங்களிட்ட வரும்தானே.