விண்ட்சர் முடிச்சு போட்டால் டை குட்டையாகிவிடுகிறது

கேள்வி:
பத்து நாளாகக் கண்ணாடி முன் நிற்கிறேன். எளிய ஃபோர் இன் ஹேண்ட் முடிச்சு கைக்கு வந்துவிட்டது. முழு விண்ட்சர் போட்டால் மட்டும் அகல முனை தொப்புளுக்கு மேலேயே நின்றுவிடுகிறது; குறுகல் முனை அதற்குக் கீழே தொங்குகிறது. முடிச்சோ காலருக்குள் அடங்காமல் முட்டுகிறது. கம்பளி டை, நல்ல தடிமன். அடுத்த வாரம் நேர்முகத் தேர்வு. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1:
உங்கள் கைமீது குறையில்லை. ஓட்டல் வரவேற்புப் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு 18 ஆண்டுகளாக டை கட்டக் கற்றுத்தருகிறேன். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. விண்ட்சரில் அகல முனை கழுத்து வளையத்தின் இரு பக்கமும் சுற்றி வருகிறது. நீளமெல்லாம் அதிலேயே போய்விடும். தொடங்கும்போதே அகல முனையை வழக்கத்தைவிட அரைச் சாண் கீழே இறக்குங்கள். அப்போது குறுகல் முனை எந்தப் பொத்தானுக்கு நேராக நிற்கிறது என்று பாருங்கள். கட்டி முடித்ததும் அகல முனை பெல்ட் பக்கிளைத் தொட்டால், அந்த டைக்கு என்றைக்கும் அதே பொத்தான்தான் கணக்கு.

ஆனால் கம்பளிக்கு விண்ட்சர் வேண்டவே வேண்டாம். தடித்த துணிக்கு ஃபோர் இன் ஹேண்ட் போதும், அழகும் அதுதான். பிரிட்டனின் முன்னாள் மன்னர் எட்டாம் எட்வர்டு, அதாவது விண்ட்சர் கோமகனே அதைத்தான் கட்டினார். முடிச்சு பெரிதாகத் தெரியத் தடித்த டைகளைத் தைத்து வாங்கிக்கொண்டார்.

இன்னொன்று. இறுக்குவதற்கு முன் முடிச்சுக்குக் கீழே துணியின் நடுவில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்துங்கள். இரு ஓரங்களையும் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் கிள்ளிப் பிடித்தபடியே முடிச்சை மேலே ஏற்றுங்கள். நடுவில் ஒரு சிறு குழி விழும். டை உயிர் பெறுவது அந்தக் குழியில்தான்.

மறுமொழி 2:
இருபுறமும் சீராக வேண்டுமென்றால் பிராட் முடிச்சைப் பழகுங்கள். தையல் பக்கம் வெளியே தெரியும்படி கழுத்தில் போட்டுத் தொடங்க வேண்டும். விண்ட்சர் அளவுக்கு நீளம் தின்னாது.

கேட்டவர்:
ஃபோர் இன் ஹேண்டிலேயே குழி விழுந்துவிட்டது, மூன்றாவது முயற்சியில்! மிக்க நன்றி ஐயா. இரவில் முடிச்சை அவிழ்க்காமல் தளர்த்தி மாட்டிவைக்கலாமா?

மறுமொழி 1:
கூடாது. சுருக்கம் அங்கேயே படிந்துவிடும். குறுகல் முனையை வெடுக்கென்று உருவவும் வேண்டாம், உள்தையல் அறும். கட்டிய வழியே பின்னோக்கி அவிழ்த்து, தளர்வாகச் சுருட்டி வையுங்கள்.