எழுபனிச்சூறை: பிளிசர்டுக்கும் கிரவுண்ட் பிளிசர்டுக்கும் தனித்தனிச் சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் குளிர்கால வரலாற்றைத் தமிழில் எழுதும்போது பிளிசர்ட் வரும் இடமெல்லாம் 'பனிப்புயல்' என்று போட்டுவிடுகிறோம். அங்கேதான் பொருள் சறுக்குகிறது. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் பிளிசர்ட் வரையறையில் எவ்வளவு பனி பெய்ய வேண்டும் என்ற அளவே கிடையாது. நிலையான காற்றோ அடிக்கடி எழும் வீச்சோ மணிக்கு 56 கி.மீ.யைத் தொட வேண்டும். பனி பறந்து பார்வைத் தொலைவு 400 மீட்டருக்குள் சுருங்க வேண்டும். இந்த நிலை 3 மணி நேரமாவது நீடிக்க வேண்டும். முன்பு சேர்த்துப் பார்த்த வெப்பநிலை வரம்பும் இப்போது இல்லை. 1921 ஏப்ரலில் கொலராடோவின் சில்வர் லேக்கில் 24 மணி நேரத்தில் 193 செ.மீ. பனி கொட்டியது. அந்த அளவை மட்டும் வைத்து அதைப் பிளிசர்ட் என்று சொல்லிவிட முடியாது.

இதற்கு நேர் எதிராக, 1977 ஜனவரி 28 அன்று ஈரி ஏரிக்கரையிலுள்ள பஃபலோ நகரம் பிளிசர்டில் மாட்டிக்கொண்டது. ஈரி ஏரி டிசம்பர் நடுவிலேயே உறைந்திருந்தது. ஏரி உறைந்தால் நீராவி ஏறாது, ஏரியால் வரும் பனிப்பொழிவு அடங்கிவிடும். ஆனால் அந்தப் பனிக்கட்டித் தளத்தின் மேல் பொடிப்பனி வாரக்கணக்கில் ஒட்டாமல் கிடந்தது. மணிக்கு 110 கி.மீ. வரை வீசிய காற்று அதை வாரி ஊருக்குள் கொட்டியது. புதிதாகப் பெய்தது ஏறத்தாழ 30 செ.மீ.தான், குவியல்களோ சில இடங்களில் 9 மீட்டர் உயர்ந்தன. இதைப் 'பனிப்பொழிவுப் புயல்' என்று எழுதினால் காரணமே தலைகீழாகிவிடும்.

புதுப்பொழிவு இல்லாமல், தரையில் கிடக்கும் பனியையே காற்று வாரியெழுப்பும் பிளிசர்டைக் கிரவுண்ட் பிளிசர்ட் என்கிறார்கள். என் முன்மொழிவு: பிளிசர்ட் = பனிச்சூறை; கிரவுண்ட் பிளிசர்ட் = தரைச்சூறை.

---

> பிளிசர்ட் = பனிச்சூறை; கிரவுண்ட் பிளிசர்ட் = தரைச்சூறை

இரண்டு ஐயங்கள். செய்தித்தாள்களில் 'பனிச்சூறாவளி' ஏற்கெனவே புழங்குகிறதே, அதை ஏன் விட வேண்டும்? அடுத்து, தரைச்சூறை என்றால் புழுதிக்காற்று என்றுதான் முதலில் தோன்றும். பனி என்ற சொல் அதில் இல்லவே இல்லை.

---

இரண்டாவது ஐயம் சரியானது, ஏற்கிறேன். முதலாவதை ஏற்க முடியவில்லை. இலங்கையில் சூறாவளி என்றால் சைக்ளோன், அதாவது தமிழ்நாட்டார் 'புயல்' என்பது. தமிழ்நாட்டு மீனவர் எச்சரிக்கையிலோ 'சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில்' என்று வருகிறது. அங்கே அது வெறும் பலத்த காற்று. கடலின் இரு கரையிலும் இரு பொருள் தரும் சொல்லைக் கலைச்சொல்லாக்கக் கூடாது. 'சூறை' அப்படியில்லை. சுழன்றடித்து வாரிக்கொண்டு போகும் காற்று என்பதே அதன் பொருள், சூறையாடுவதும் அதையொட்டியதுதான். தரையில் கிடப்பதை வாரிச் செல்வது பிளிசர்டின் உயிர்நாடி.

தரைச்சூறைக்குப் பதிலாக 'எழுபனிச்சூறை' என்று வைக்கலாம். அமெரிக்கக் கவனிப்பாளர்கள் காற்று நகர்த்தும் பனியை உயரத்தால் பிரிக்கிறார்கள்: ஏறத்தாழ 2 மீட்டருக்குக் கீழே தவழ்வது ஒன்று, அதற்கு மேல் எழுந்து பார்வையை மறைப்பது இன்னொன்று. முன்னதை ஊர்பனி, பின்னதை எழுபனி என்று வினைத்தொகையாகச் சொன்னால் வேறுபாடு தானே விளங்கும். எழுபனிச்சூறையின்போது தலைக்கு மேல் நீலவானம் தெரியக்கூடும். எதிரே பத்தடி தெரியாது. பொழிவு இல்லை, எழுச்சி மட்டுமே.

1888 ஜனவரி 12-இல் அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் ஏறத்தாழ 235 பேர் இறந்ததற்கும் இப்படி எதிரே எதுவும் தெரியாமற்போனது முக்கியக் காரணம். காலை இதமாக இருந்தது. நெப்ராஸ்காவிலும் டகோட்டா பிரதேசத்திலும் பிள்ளைகள் கனத்த உடையின்றிப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். குளிர்முகம் (முன்னேறி வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு) வந்து மோதியதும் மாவுபோன்ற பனி கண்ணை மறைத்தது, வீட்டுக்கான வழி தெரியவில்லை.

---

எழுபனிச்சூறைக்கு என் வாக்கு. கூடவே ஒரு சொல்: காற்று குவிக்கும் பனிமேட்டுக்கு 'பனித்தேரி'. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரியும் காற்று குவித்த மணல்தானே.

பனித்தேரி பொழிந்த பனியைப் போல மென்மையாக இராது. காற்றில் உருண்டு உடைந்த துகள்கள் நெருங்கி அடுக்கி, ஒன்றோடொன்று பிணைந்து இறுகிவிடும். சாதாரணக் கலப்பைவண்டி அதைத் தள்ள முடியாமல் நின்றுவிடும். வாரி எடுக்கும் இயந்திரம் வேண்டும். எனவே 'பனிக்குவியல்' என்ற மெத்தென்ற சொல் போதாது.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து 80-ஆம் எண் நெடுஞ்சாலையில், பனியைச் சாலைக்கு வராமல் தடுத்துக் குவிக்க 1971 முதல் நிறுத்திய பனிவேலிகளைப் பற்றி எழுதவும் இச்சொல் உதவும். வேலி காற்றை முழுதாக அடைக்கக் கூடாது, பரப்பில் பாதி திறந்திருக்க வேண்டும். அடியில் உயரத்தின் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் வேலியே புதைந்துபோகும். வேலிக்குப் பின்னே காற்றுமறைவில் தேரி வேலி உயரத்தின் 35 மடங்கு நீளம்வரை வளரும். ஆகவே 3 மீட்டர் வேலியைச் சாலையிலிருந்து 105 மீட்டராவது தள்ளி நட வேண்டும். கிட்டே நட்டால் தேரி சாலைமேலேயே படியும்.

---

தொகுப்பில் சேர்க்க:

பனிச்சூறை: பிளிசர்ட். பனிப்புயல் என்பதை விண்டர் ஸ்டார்முக்கு (பொதுவான குளிர்காலப் புயலுக்கு) மட்டும் வைத்துக்கொள்வோம்.
எழுபனிச்சூறை: கிரவுண்ட் பிளிசர்ட், புதுப்பொழிவு இல்லாமலேயே நிகழும்.
ஊர்பனி, எழுபனி: வினைத்தொகையாதலால் ஒற்று மிகாது, 'எழுப்பனி' என்று எழுத வேண்டாம்.
பனித்தேரி: காற்று குவித்து இறுகிய பனிமேடு.